தாடை தெரிந்தது, மஜ்ஜை தெரியவில்லை: பென்சீனும் ரத்தமும் பற்றி ஒரு வரலாற்றுக் குறிப்பு

பெசன்ட் நகர் என்று பெயர் வரக் காரணமான அன்னி பெசன்ட்டைப் பற்றி இங்கே குடியிருக்கிறவர்களைக் கேட்டால் பெரும்பாலும் மூன்று விஷயம் சொல்வார்கள். தியசாபிகல் சொசைட்டி, ஹோம் ரூல், அடையாறு ஆலமரம். நாலாவது ஒன்று இருக்கிறது. அது நடந்தது அவர் இந்தியாவுக்கு வருவதற்கு ஐந்து வருஷம் முன்னால், லண்டனில்.

1888 ஜூன் 23-ஆம் தேதி, தான் நடத்திக்கொண்டிருந்த 'தி லிங்க்' என்ற சின்னப் பத்திரிகையில் பெசன்ட் ஒரு கட்டுரை எழுதினார். கிழக்கு லண்டனில் பிரையன்ட் அண்ட் மே கம்பெனியின் தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்த பெண்களின் கூலி, அபராதம், வேலை நேரம் பற்றியது. கட்டுரையில் இருப்பது பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னது நிர்வாகம். பெண்கள் மறுத்தார்கள். ஜூலை முதல் வாரத்தில் சுமார் 1,400 பேர் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். மாசம் முடிவதற்குள் ஜெயித்தும் விட்டார்கள்.

அந்த ஒப்பந்தத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு சின்ன ஷரத்து: சாப்பிடுவதற்குத் தனி அறை. அதுவரைக்கும் வேலை செய்யும் இடத்திலேயே, வெள்ளை பாஸ்பரஸ் படிந்த மேஜையில் வைத்துத்தான் சாப்பாடு. வெள்ளை பாஸ்பரஸ் தாடை எலும்பை அழுகச் செய்யும். பல்வலியில் ஆரம்பித்து, முகம் வீங்கி, சீழ் பிடித்து, கடைசியில் தாடையையே வெட்டி எடுக்க வேண்டி வரும். வியன்னாவில் ஒரு மருத்துவர் 1845-லேயே இந்த நோயை விவரித்து எழுதிவிட்டார். 1906-ல் பெர்ன் நகரில் சர்வதேச உடன்படிக்கை, 1908-ல் பிரிட்டனில் தடைச் சட்டம், 1913-ல் இந்தியாவிலும் தடைச் சட்டம். அறுபது, எழுபது வருஷம் ஆனது, ஆனாலும் ஒரு முடிவு வந்தது. இன்று உலகத்தில் யாரும் வெள்ளை பாஸ்பரஸ் தீக்குச்சி செய்வதில்லை.

இந்தக் கதையைப் படித்தபோது எனக்கு வந்த கேள்வி வேறு. இதே மாதிரி, வேலை செய்யும் இடத்துக் காற்றில் கலந்து ஆளை அழிக்கும் இன்னொரு பொருள் இருக்கிறது. பெயர் பென்சீன். அது ரத்தத்தைக் கெடுக்கும் என்று தெரிந்து நூற்றி இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதற்கு மட்டும் ஏன் இப்படி ஒரு முடிவு வரவில்லை?

சாம்பிராணியில் பிறந்த பெயர்

பென்சீனை முதலில் பிரித்தெடுத்தவர் மைக்கேல் ஃபாரடே. வருஷம் 1825. விளக்கெரிக்கும் வாயுவை அழுத்தி அடைத்த கலன்களின் அடியில் தேங்கிய எண்ணெய்க் கசடிலிருந்து எடுத்தார். ஆனால் பெயர் அவர் வைத்ததல்ல. சுமத்ரா பக்கமிருந்து வந்த சாம்பிராணிப் பிசினை அரேபிய வணிகர்கள் 'லுபான் ஜாவி', அதாவது ஜாவா குங்கிலியம் என்று கூப்பிட்டார்கள். ஐரோப்பியர் வாயில் அது தேய்ந்து 'பென்சாயின்' ஆனது. அந்தப் பிசினிலிருந்து கிடைத்த அமிலம் பென்சாயிக் அமிலம். 1830-களில் மிட்ஷெர்லிக் என்ற ஜெர்மன் வேதியியலாளர் அந்த அமிலத்தைச் சுண்ணாம்போடு சேர்த்துக் காய்ச்சி வடித்தபோது ஃபாரடேயின் அதே திரவம் கிடைத்தது. 'பென்சின்' என்று பெயர் வைத்தார். மயிலாப்பூரில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வீடு மணக்கும் சாம்பிராணிக்கும் பெட்ரோல் பங்க் வாசனைக்கும் பெயரளவில் இப்படி ஒரு உறவு.

1849-ல் சார்லஸ் மான்ஸ்ஃபீல்ட் என்ற இளைஞர் நிலக்கரித் தாரிலிருந்து பென்சீனை மொத்தமாக எடுக்கும் வழியைக் கண்டுபிடித்தார். ஆறு வருஷம் கழித்து, அதே பென்சீன் தீப்பிடித்துத்தான் அவர் செத்துப்போனார். அவர் காட்டிய வழியில் சாயம், மருந்து, வெடிமருந்து எல்லாம் வந்தன. கூடவே பென்சீனுக்கு இன்னொரு பெரிய உபயோகமும் கிடைத்தது. அது ரப்பரை அருமையாகக் கரைக்கும், பூசினதும் சட்டென்று ஆவியாகிவிடும். ஒட்டும் பசைக்கு இதைவிட நல்ல கரைப்பான் கிடையாது. நம்ம பஞ்சர் கடையில் 'சொல்யூஷன்' என்று சொல்கிறோமே, அந்தக் குடும்பத்தின் மூதாதை.

சைக்கிள் டயரும் டப்பா மூடியும்

1890-களில் ஐரோப்பா முழுக்க சைக்கிள் மோகம். 1897-ல் ஸ்வீடனிலிருந்து சான்டெசன் என்ற மருத்துவர் ஒரு அறிக்கை வெளியிட்டார். சைக்கிள் டயர் தொழிற்சாலையில் பென்சீன் கலந்த ரப்பர் பசையோடு வேலை பார்த்த இளம் பெண்களில் நாலு பேர் செத்திருந்தார்கள். உடம்பெல்லாம் ரத்தக் கட்டு, ஈறிலும் மூக்கிலும் நிற்காத ரத்தப்போக்கு. எலும்பு மஜ்ஜை ரத்தம் உற்பத்தி செய்வதையே நிறுத்திவிட்டிருந்தது. இப்போது அப்ளாஸ்டிக் அனீமியா என்று சொல்லும் நோய் இது.

1910-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லாரன்ஸ் செல்லிங் என்ற மருத்துவர் அதையே பார்த்தார். உணவு டப்பா செய்யும் தொழிற்சாலை, மூடியின் விளிம்புக்குப் பூசும் ரப்பர் கலவை, மறுபடியும் இளம் பெண்கள். செல்லிங் அதோடு விடாமல் முயல்களுக்குப் பென்சீன் கொடுத்துச் சோதித்துப் பார்த்தார். முயல்களின் வெள்ளை அணுக்கள் சரசரவென்று இறங்கின. மஜ்ஜை காலியானது. இதில் விசித்திரம் என்னவென்றால், அந்தக் காலத்தில் சில டாக்டர்கள் ரத்தப் புற்றுநோயில் ஏறிப்போன வெள்ளை அணுக்களைக் குறைக்க இதே பென்சீனை மருந்தாகவும் கொடுத்தார்கள்!

1922-ல் ஆலிஸ் ஹாமில்டன், அமெரிக்கத் தொழிற்சாலைகளில் பென்சீன் விஷம் வளர்ந்துவரும் அபாயம் என்று மருத்துவ இதழில் எழுதினார். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் ஆசிரியர் அவர். 1928-ல் பிரான்ஸிலிருந்து டெலோர், போர்கோமானோ என்ற இருவர், பென்சீனோடு வேலை செய்த ஒருவருக்கு ரத்தப் புற்றுநோய் வந்ததைப் பதிவு செய்தார்கள். இன்றைக்கு நமக்குத் தெரிந்த விஷயத்தின் எலும்புக்கூடு 1928-லேயே தயார்.

உள்ளே என்ன நடக்கிறது

பென்சீன் மூச்சு வழியாகத்தான் பெரும்பாலும் உள்ளே போகும். தோல் வழியாகவும் கொஞ்சம் போகும். கல்லீரல் அதை உடைத்து வெளியேற்றப் பார்க்கும். இந்த உடைக்கும் வேலையில்தான் வில்லங்கம். பீனால், ஹைட்ரோகுயினோன், கேட்டகால் என்று பென்சீனின் பிள்ளைகள் உருவாகி ரத்தத்தில் சுற்றி மஜ்ஜைக்குப் போய்ச் சேரும். மஜ்ஜையில் இருக்கும் ஒரு நொதி, ஹைட்ரோகுயினோனை பென்சோகுயினோன் ஆக்கும். இது தாய் அணுக்களின் மரபணுவிலேயே கை வைக்கும். விஷமுறிவு செய்யப் போன உடம்பே விஷத்தைத் தயாரித்துக்கொள்கிறது.

மஜ்ஜை ஒரு சமையல்கட்டு மாதிரி. சிவப்பணு சுமார் 120 நாள் இருக்கும். தட்டணு, அதாவது பிளேட்லெட், ஏழெட்டு நாள், மிஞ்சிப்போனால் பத்து நாள். சில வெள்ளை அணுக்களின் ஆயுள் அதைவிடக் குறைவு. அடுப்பு அணைந்தால் எது சீக்கிரம் தீருமோ அது முதலில் தீரும். அதனால் வெள்ளை அணுவும் தட்டணுவும் இறங்குவது ரத்தப் பரிசோதனையில் முதலில் தெரியும். ஆளுக்குத் தெரிவது அசதி, அடிக்கடி காய்ச்சல், பல் தேய்க்கும்போது ரத்தம், இடித்துக்கொள்ளாமலே உடம்பில் நீலத் தடம். இந்தக் கட்டத்தில் வேலையை மாற்றினால் பல பேருக்கு ரத்தம் திரும்ப ஏறிவிடும். விட்டுவிட்டால் சிலருக்கு அப்ளாஸ்டிக் அனீமியா, சிலருக்குப் பல வருஷம் கழித்து ரத்தப் புற்றுநோய்.

பாஸ்பரஸுக்கும் பென்சீனுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அழுகின தாடையோடு ஒரு பெண் தெருவில் நடந்தால் ஊரே பார்க்கும், பத்திரிகை எழுதும். சுருங்கிப்போன மஜ்ஜையை யாரும் பார்க்க முடியாது. "என்னமோ சோகையா இருக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

செருப்புக் கடைகளும் ஒரு நீதிமன்றமும்

இத்தாலியில் செருப்பு செய்பவர்களும் அச்சக மை தொழிலாளர்களும் இதே நோயோடு மிலான் நகர மருத்துவமனைக்கு வந்துகொண்டே இருந்தார்கள். என்ரிக்கோ விக்லியானி என்ற பேராசிரியர் பல வருஷம் அந்தக் கணக்கைச் சேர்த்துவைத்தார். 1963-ல் இத்தாலி பசையிலும் மையிலும் பென்சீனைக் கரைப்பானாகப் பயன்படுத்துவதைத் தடுத்தது.

இஸ்தான்புல்லில் முசாஃபர் அக்சோய் என்ற ரத்தவியல் மருத்துவர் இன்னும் ஒரு படி மேலே போனார். சந்து சந்தாகச் செருப்புப் பட்டறைகள், காற்றுப் போகாத சின்ன அறைகள், திறந்த டப்பாவில் பென்சீன் பசை. 1974-ல் அவர் வெளியிட்ட கணக்கு இது: 28,500 செருப்புத் தொழிலாளர்கள் மத்தியில் 1967 முதல் 1973 வரை 26 பேருக்கு தீவிர ரத்தப் புற்றுநோய் அல்லது அதன் முன்நிலை. வருஷத்துக்கு ஒரு லட்சத்துக்கு 13 பேர். பொது மக்களிடம் இது சுமார் 6. பசை மாறியதும் எண்ணிக்கை இறங்க ஆரம்பித்தது.

அமெரிக்காவில் 1977-ல் ஒஹையோ மாநில ரப்பர் படலத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்களை ஆராய்ந்தபோது, ரத்தப் புற்றுநோய் மரணம் எதிர்பார்த்ததைவிட ஐந்து மடங்கு என்று தெரிந்தது. 1978-ல் அரசாங்கம் காற்றில் பென்சீன் வரம்பை 10 பிபிஎம்-லிருந்து 1 பிபிஎம் ஆகக் குறைத்தது. பிபிஎம் என்றால் பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்கு. எண்ணெய்க் கம்பெனிகளின் சங்கம் கோர்ட்டுக்குப் போனது. 10 பிபிஎம்-ல் கணிசமான ஆபத்து இருக்கிறது என்று அரசு நிரூபிக்கவில்லை என்று சொல்லி 1980 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. திரும்ப 1 பிபிஎம் வந்தது 1987-ல்தான். இதே சங்கத்துக்காக 1948-ல் எழுதப்பட்ட ஒரு அறிக்கை, பென்சீனில் முழுக்கப் பாதுகாப்பான அளவு என்றால் அது பூஜ்யம்தான் என்று சொல்லியிருந்தது. முப்பது வருஷம் கழித்து வழக்கு போட்டவர்களும் அவர்களே.

2004-ல் சீனாவின் தியான்ஜின் செருப்புத் தொழிலாளர்கள் 250 பேரை வைத்து நடந்த ஆய்வு, 1 பிபிஎம்-க்குக் கீழே வேலை செய்தவர்களிடமும் வெள்ளை அணுவும் தட்டணுவும் குறைந்திருப்பதைக் காட்டியது. 1948 அறிக்கை சரிதான் போலிருக்கிறது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம்

சட்டப் புத்தகத்தில் நாம் அப்படியொன்றும் பின்தங்கவில்லை. 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில் பென்சீன் நச்சு, கட்டாயம் அறிவிக்க வேண்டிய தொழில்நோயாக இருந்தது. தொழிலாளியைப் பார்க்கும் டாக்டர் தலைமை ஆய்வாளருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டியிருந்தது. அந்தச் சட்டப்படி காற்றில் எட்டு மணி நேர வரம்பு 0.5 பிபிஎம், அமெரிக்க வரம்பில் பாதி. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1971-ஆம் வருஷத்து பென்சீன் உடன்படிக்கையை இந்தியா 1991-ல் ஏற்றுக்கொண்டது. மூடிய அமைப்புக்கு வெளியே பென்சீனைக் கரைப்பானாகப் பயன்படுத்தக்கூடாது, வேலைக்குச் சேரும்போதும் பிறகு அவ்வப்போதும் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும், கர்ப்பிணிகளையும் பதினெட்டு வயசு ஆகாதவர்களையும் அந்த வேலையில் வைக்கக்கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது.

ஓட்டை எங்கே என்று பார்த்தால், அட்டவணைக்குள் வராத இடங்களில். பழைய தொழிற்சாலைச் சட்டத்தின்படி, மின்சாரம் உள்ள இடமென்றால் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் அது தொழிற்சாலையாக இருந்தது. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணிப்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்தப் பத்தை இருபதாக்கியது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கத்து ஏற்றுமதி ஆலைகள் உள்ளே வரும். அதே செருப்பின் மேல்பாகத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒட்டித் தரும் பெண் வரமாட்டார். பெரிய ஆலைப் பசைகளில் பென்சீன் இடத்துக்கு டொலுயீன் போன்றவை வந்து நாளாகிவிட்டது. ஆனால் மட்டமான கரைப்பானில் பென்சீன் கலப்பு இருக்கலாம். டப்பாவின் மேல் அது எழுதியிருக்காது.

அடுத்தது பெட்ரோல். 1995 ஏப்ரலில் சென்னை உள்பட நாலு பெருநகரங்களில் ஈயமில்லாத பெட்ரோல் வந்தது, நல்ல விஷயம். ஆனால் ஈயம் செய்த வேலையை வேறு ஏதாவது செய்தாக வேண்டுமே? பென்சீன் சேர்ந்த நறுமணச் சேர்மங்கள் அந்த வேலையைச் செய்யும். அதனால் பெட்ரோலில் பென்சீன் அளவுக்கும் கடிவாளம் தேவைப்பட்டது. ஒரு காலத்தில் 5 சதவீதம் வரை அனுமதி, பெருநகரங்களில் 3 ஆனது, இப்போது நாடு முழுக்க 1 சதவீதம். இது உண்மையான முன்னேற்றம். ஒரு வேடிக்கையையும் கவனித்தேன். உடன்படிக்கையின் வரையறை, பென்சீன் 1 சதவீதத்துக்கு மேல் இருக்கும் பொருளுக்குத்தான். நம்ம பெட்ரோல் சரியாக அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிறது.

இன்னொரு கணக்கு. 2009-ல் அறிவித்த தேசியக் காற்றுத் தர அளவுப்படி, ஊர்க்காற்றில் பென்சீன் வருஷச் சராசரி கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம் தாண்டக்கூடாது. தொழிலாளிக்கான 0.5 பிபிஎம் வரம்பு அதே அளவையில் 1,500 மைக்ரோகிராம். முன்னூறு மடங்கு. ஒன்று குழந்தை, கிழவர், நோயாளி எல்லாருக்கும் நாள் முழுக்க, இன்னொன்று வேலை நேரத்துக்கு மட்டும் என்பது சரிதான். ஆனாலும் பங்க்கின் மதில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு எண், இந்தப் பக்கம் இன்னொரு எண். எல்.பி. ரோட்டில் வண்டிக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டு இரண்டு நிமிஷத்தில் போய்விடுகிற நமக்கும், அங்கேயே எட்டு மணி நேரமோ பன்னிரண்டு மணி நேரமோ நிற்கிறவருக்கும் நடுவில் இருக்கும் தூரம் அது.

ஆவியைப் பிடிக்கும் கருவி இருக்கிறது. பெட்ரோல் போடும் முனையிலேயே ஆவியை உறிஞ்சித் தொட்டிக்குத் திருப்பிவிடும். 2021-ல் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு இதைப் பற்றி உத்தரவு போட்டது. எண்ணெய் நிறுவனம் மேல்முறையீடு செய்து, 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. பங்க்குகள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் தனி அனுமதி வாங்க வேண்டும் என்ற பகுதி போனது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் இருக்கும் நகரங்களில் மாதம் 300 கிலோலிட்டருக்கு மேல் விற்கும் பங்க்குகளுக்கு ஆவி பிடிக்கும் கருவி வேண்டும் என்ற பகுதி நின்றது. சின்ன பங்க்கில் நிற்கிற பையன் இதிலும் வெளியேதான்.

அடையாறு பக்கம் ஒரு பங்க்கில் பல வருஷமாகப் பழக்கமான ஒருவரிடம் போன மாசம் கேட்டேன், ரத்தப் பரிசோதனை எப்பவாவது எடுத்தீங்களா என்று. "எதுக்கு சார்? எனக்குத்தான் சுகர் இல்லையே" என்றார். தலைவலி உண்டு, அது வெயிலால் என்றார். கையில் கிரீஸ் பட்டால் பெட்ரோலிலேயே கழுவிக்கொள்வாராம். சாப்பாடு எங்கே என்று கேட்டேன். ஆபீஸ் ரூமுக்குப் பின்னால், ஆயில் டப்பா அடுக்கின இடத்தில். 1888-ல் தீப்பெட்டிப் பெண்கள் கேட்டு வாங்கிய அந்த அறை ஞாபகத்துக்கு வந்தது.

சோகை நாட்டில் சோகை

இந்தியாவில் பென்சீன் ஒளிந்துகொள்ள இன்னொரு நல்ல இடம் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி 15 முதல் 49 வயசுப் பெண்களில் 57 சதவீதத்துக்கும் ஆண்களில் 25 சதவீதத்துக்கும் ரத்தசோகை. இந்தக் கூட்டத்துக்குள் பசை ஒட்டும் ஒரு பெண் சோர்வாக, வெளுத்துப்போய் வந்து நின்றால், யாராயிருந்தாலும் இரும்புச்சத்து மாத்திரைதான் எழுதுவார்கள். கீரை சாப்பிடு, பேரீச்சம்பழம் சாப்பிடு என்று அனுப்புவார்கள். ஹீமோகுளோபினை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்று மாதிரிதான் இருக்கும். வெள்ளை அணு, தட்டணு எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்த்து, "என்ன வேலை பார்க்கிறே?" என்று ஒரு கேள்வியும் கேட்டால்தான் வித்தியாசம் பிடிபடும்.

அந்தக் கேள்வி புதுசு இல்லை. நோயாளியிடம் அவருடைய தொழிலைக் கேள் என்று இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி 1700-லேயே எழுதிவைத்திருக்கிறார். தொழில்நோய்களைப் பற்றி வந்த முதல் பெரிய புத்தகம் அவருடையது.

கேட்காமல் விட்டால் பணத்திலும் அடி விழும். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலும் இ.எஸ்.ஐ. சட்டத்திலும் பென்சீன் நோய்கள் பட்டியலில் இருந்தன. ஆனால் இழப்பீட்டுச் சட்டம், அந்த வேலையில் அந்த முதலாளியிடம் தொடர்ந்து ஆறு மாசமாவது இருந்திருக்க வேண்டும் என்றது. ரத்தப் புற்றுநோயோ பல வருஷம் கழித்து வரும். மூன்று மாசத்துக்கு ஒரு பங்க் மாறுகிறவர், சம்பளச் சீட்டே பார்க்காதவர், பத்து வருஷம் கழித்து எதை வைத்து நிரூபிப்பார்? நோய் பட்டியலில் இருக்கிறது, நோயாளி பட்டியலில் இல்லை.

வரலாற்றுக் குறிப்பில் அறிவுரை சொல்வது என் பழக்கமில்லை. இந்த ஒரு தடவை மட்டும். உங்கள் வீட்டிலோ தெரிந்தவர்களிலோ பங்க், மெக்கானிக் ஷெட், செருப்புப் பட்டறை, பெயின்ட், பிரின்டிங் வேலையில் யாராவது இருந்தால், வருஷத்துக்கு ஒரு தடவையாவது சி.பி.சி. என்கிற முழு ரத்த எண்ணிக்கை எடுக்கச் சொல்லுங்கள். சில நூறு ரூபாய்க்குள் முடிகிற விஷயம். ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாமல் வருஷ வரிசையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு தடவை எடுத்த எண் பெரிதாக ஒன்றும் சொல்லாது, இறங்கிக்கொண்டே வரும் எண் சொல்லும். எந்த டாக்டரிடம் போனாலும் அவர் கேட்காவிட்டாலும் என்ன வேலை என்பதை முதலிலேயே சொல்லிவிடச் சொல்லுங்கள். பெட்ரோலில் கை கழுவுவது, டியூபில் வாய் வைத்து உறிஞ்சுவது இரண்டும் வேண்டாம். சிகரெட் புகையிலும் பென்சீன் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம்.

தனி ஆள் செய்ய முடிவது அவ்வளவுதான். மீதியை லண்டன் பெண்கள் செய்த மாதிரி சேர்ந்துதான் செய்ய வேண்டும். பெசன்ட்டின் சகாவான தியசாபிஸ்ட் பி.பி. வாடியாவைத் தலைவராக வைத்து, செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு, திரு.வி.க. ஆகியோரோடு 1918 ஏப்ரல் 27-ல் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். அப்போது வந்த முதல் புகார்களில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்கு விடும் நேரம் போதவில்லை என்பது. லண்டனில் சாப்பிட ஒரு அறை, பெரம்பூரில் சாப்பிடக் கொஞ்சம் நேரம். கேட்கும்போது ரொம்பச் சின்னதாகத்தான் இருக்கும். பங்க்கில் நிற்கிறவர்களுக்காக இன்று கேட்க வேண்டியதும் அதே அளவு சின்னதுதான்: ஆவியடிக்காத ஒரு சாப்பாட்டு இடம், முனையில் ஒரு கருவி, வருஷத்துக்கு ஒரு ஊசிக்குத்து.